எடுத்துக்கொள்ளப்பட்டவர்களின் மாடுகள்

1

இந்தக் கதை கோழிகளால் வந்தது. மிசௌரி மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் என் வீட்டுக்கு அடுத்த வீடு ஓலீட்டா அம்மாளுடையது. ஒரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டார்.

"கண்ணு, தப்பா எடுத்துக்காதே. நீ இந்துதானே?"

"ஆமாம்மா."

"சர்ச்சுல சேர்ற எண்ணம் ஏதாவது இருக்கா?"

"இப்போதைக்கு இல்ல."

"அப்பாடா. அப்ப என் கோழிங்கள நீ பாத்துப்பியா?"

அவர் வெளியூர் போகவில்லை. கர்த்தர் வரும் நாளில் தாம் மேலே போய்விடுவோம் என்பதிலும், நான் கீழேயே இருப்பேன் என்பதிலும் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் குரலில் என்மேல் இரக்கமும் கோழிகள்மேல் கவலையும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. சரி என்றேன். தீவனம் எங்கே இருக்கிறது, எந்தச் சேவல் கொத்தும் என்பதையெல்லாம் காட்டினார்.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிவிடுகிறேன், பிறகு கதை எளிது. எக்காளம் ஒலிக்கும். விசுவாசத்தில் இறந்தவர்கள் முதலில் எழுவார்கள். உயிரோடிருக்கும் விசுவாசிகள் கண் இமைக்கும் நேரத்தில் மேகங்களுக்குள் எடுத்துக்கொள்ளப்படுவார்கள். உடுத்தியிருந்த துணி தரையில் விழும், ஓட்டிக்கொண்டிருந்த கார் தானாக ஓடும். சிறு குழந்தைகள் அத்தனை பேரும் போவார்கள், பெற்றோர் யாராக இருந்தாலும் சரி. நன்மை தீமை தெரியாத வயது என்பதால் அவர்களுக்குக் கணக்கு இல்லை. மற்றவர்கள் ஏழு வருட உபத்திரவத்துக்கு விடப்படுவார்கள். நம்மூர்ச் சபைகளில் இதை இரகசிய வருகை என்பார்கள்.

மாடுகளைப் பற்றி இதில் ஏதும் இல்லை. அதனால்தான் இங்கே அவிசுவாசிக்கு ஒரு மரியாதை இருக்கிறது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "உலகம் முடிந்துபோன புதன்கிழமை மத்தியானம் கேலன் டீக் ஒரு போர்வெல் மோட்டாரை வெளியே தூக்கி" —

விட்டுவிட்டேன். வாசகரைப் பார்த்துக் கண் சிமிட்டுகிற தொடக்கம்.

இரண்டாவது: "ஓலீட்டா அம்மாளின் கோழிக்கூட்டை நான் திறந்தபோது உள்ளே" —

இதையும் விட்டேன். இதில் பாத்திரம் நான். தெருவே காலியானாலும் எனக்கு முதலில் தோன்றுவது 'எங்கே கல்யாணம்?' என்பதுதான். இழக்க ஏதுமில்லாதவனை வைத்து இந்தக் கதையை நடத்த முடியாது. இதற்குள்ளேயே பிறந்து வளர்ந்து, வெளியே வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவன் வேண்டும்.

ஆகவே கேலன். வயது நாற்பத்தைந்து இருக்கும். போர்வெல் மோட்டார் பழுது பார்ப்பவன். இருபது வயதில் சபையை விட்டான். அவன் மனைவி ட்ரீசா விடவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஞாயிறுதோறும் தனியாகப் போய், தனியாக உட்கார்ந்து, அவனுக்காக ஜெபித்துவிட்டு வருகிறாள். கணவனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது மட்டுமே அவள் கேட்பது. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அல்ல, நித்தியத்துக்கு.

சாலையோரப் பண்ணைகளின் சாவிகளெல்லாம் இந்தக் கேலனிடம் இருக்கின்றன. அந்த நாளுக்காகக் கொடுத்து வைத்தவை. சபையின் மூப்பர் ட்வைட், பால் மாடுகள் வைத்திருப்பவர், சாவியைக் கொடுத்தபோது நடந்த பேச்சு இது:

"காலையில நாலு மணி, சாயங்காலம் நாலு மணி. கறக்காம விட்டா மடி கட்டிக்கும்டா."

"பிரதர் ட்வைட், நீங்க மேல தங்க வீதியில நடப்பீங்க, நான் கீழ உங்க சாணிய அள்ளணுமா?"

"மனந்திரும்பு. அள்ள வேண்டாம்."

"நான் திரும்பிட்டா உங்க மாட்ட யாரு கறப்பா?"

ட்வைட் யோசித்தார். "அவசரமில்ல. மெதுவாத் திரும்பு."

(ட்வைட்டை இப்படிக் கேலி பேச வைப்பது நியாயமா என்று ஒரு கேள்வி வந்தது. நியாயம்தான். நம்பிக்கை உறுதியாக இருக்கும் இடத்தில்தான் அதை வைத்து இவ்வளவு தாராளமாகச் சிரிக்க முடியும்.)

3

கதையை நிறுத்தி மூலத்தைப் பார்க்கலாம். இது அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது, ஆனால் எனக்குப் பிடித்த பகுதி.*

மேகங்களுக்குள் எடுத்துக்கொள்ளப்படுதல் என்பது பவுல் தெசலோனிக்கே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் வருகிறது. அந்தச் சபையார் கேட்டது வேறு கேள்வி: கர்த்தர் வருவதற்கு முன்பே எங்கள் மனிதர்கள் இறந்துவிட்டார்களே, அவர்கள் கதி என்ன? பவுல் சொல்வது: அவர்களே முதலில் எழுவார்கள், பிறகு நாமும் சேர்ந்துகொள்வோம், இதைச் சொல்லி ஒருவரையொருவர் தேற்றுங்கள். துக்க வீட்டுக்கு எழுதிய ஆறுதல் அது. பிள்ளைகளைப் பயமுறுத்துவதற்காக அவர் எழுதவில்லை.

வயலில் இருவர் இருக்க, ஒருவர் எடுக்கப்பட்டு ஒருவர் விடப்படுவார் என்பது மத்தேயுவில் இயேசு சொல்வது. அதற்குச் சற்று முன்னால் அவர் நோவாவின் காலத்தைச் சொல்கிறார். அங்கே வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போனது தீயவர்களை. மிஞ்சி நின்றது நோவா. இந்த ஒப்புமையை அப்படியே கொண்டுபோனால் எடுக்கப்படுவது தண்டனை, விடப்படுவது தப்பித்தல் என்றும் படிக்கலாம். படிப்பவர்கள் இருக்கிறார்கள். மறுப்பவர்களும் இருக்கிறார்கள்.

ட்வைட்டிடம் கேலன் ஒருமுறை இதைச் சொன்னான். "நோவாவும் விடப்பட்டவன்தான் பிரதர். அதுவும் மாடுகளோட."

"நோவா பீர் வாங்க ரஸ்டி கடைக்குப் போனதா எழுதலயே."

"கப்பல விட்டு எறங்கினதும் திராட்சைத் தோட்டம் போட்டுக் குடிச்சுட்டுக் கிடந்தாரே, அது எழுதியிருக்கே?"



* இரகசியமாக ஒருமுறை, வெளிப்படையாக ஒருமுறை என்று வருகையை இரண்டாகப் பிரிக்கும் வரைபடம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனில் பரவியது. கடல் தாண்டி இங்கே வந்து, வேதாகமப் பக்கங்களின் அடியில் குறிப்புகளாக அச்சேறியது. வசனம் எங்கே முடிகிறது, குறிப்பு எங்கே தொடங்குகிறது என்பது பலருக்குக் கலந்துபோயிற்று. அதனால்தான் அடிக்குறிப்பு எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம்.

4

இனி அந்தப் புதன்கிழமை.

சபையில் ஜெபச் சங்கிலி என்று ஒன்று உண்டு. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் ஒருவர் இருவரைத் தொலைபேசியில் அழைப்பார், அந்த இருவர் ஆளுக்கு இருவரை அழைப்பார்கள். சில நிமிடங்களில் சபை முழுக்கச் செய்தி போய்விடும். சபையில் இல்லாதவருக்குப் போகாது. கதையின் இயந்திரம் இதுதான், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மத்தியானம் ட்வைட்டின் நான்கு வயதுப் பேத்தி மேசியைக் காணவில்லை. அவளுடைய ஒற்றைக் காலணி ஓடைக் கரையில் கிடந்தது. மழைக்குப் பிறகு ஓடையில் வெள்ளம் நல்ல வேகம். சங்கிலி ஓடியது. சபையின் வேன் வீடு வீடாக நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடையின் கீழ்ப்பக்கக் காட்டுக்குப் போனது. கார்கள் வாசலிலேயே நின்றன. ட்ரீசா வீட்டுச் செருப்பை உதறிவிட்டு, வாசலில் கிடந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடினாள்.

கேலனோ காலையிலிருந்து தொலைபேசி சிக்னல் எடுக்காத ஒரு பள்ளத்தில் மோட்டார் மாட்டிக்கொண்டிருந்தான். சாப்பிட வீட்டுக்கு வந்தான். சமையலறை நடுவில் ட்ரீசாவின் செருப்பு கிடந்தது. அவள் தொலைபேசி மேசைமேல் இருந்தது. கார் வாசலில். அடுப்புக்குள் பீன்ஸ் தட்டு கருகிக்கொண்டிருந்தது. அடுப்பை அணைத்தான். கூப்பிட்டான். பக்கத்து வீட்டில் கதவு திறந்திருந்தது, தொலைக்காட்சி யாருமில்லாத நாற்காலிக்கு வானிலை சொல்லிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த வீடும் அப்படியே.

ரஸ்டியின் மதுக்கடைக்கு வண்டியை விட்டான். ரஸ்டி கல்லாவில் உட்கார்ந்திருந்தான்.

"நீ இருக்கியா?"

"இல்லாம? எங்க போவேன்?"

"இன்னிக்கு வேற யார யாரப் பாத்த?"

"டயர் கடைக்காரன் வந்தான். அந்த ரெண்டாவது கல்யாணக்காரன் வந்தான். உன்னப் பாக்குறேன். என்னடா, மூஞ்சி வெளுத்துப் போச்சு? பேயப் பாத்தியா?"

"சர்ச் ஆளுங்க?"

"ஒருத்தரும் இல்ல. ஊரே நிம்மதியா இருக்கு."

கேலன் வெளியே வந்தான். அடுத்து அவன் என்ன நினைத்தான் என்று ஒரு பத்தி எழுதி —

வேண்டாம். செய்ததை மட்டும் சொல்கிறேன். நேராக ட்வைட்டின் தொழுவத்துக்குப் போனான். கறக்க இன்னும் நேரம் இருந்தது, அதனால் முதலில் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினான். வைக்கோல் உதறிப் போட்டான். நாய்க்குச் சோறு வைத்தான். பிறகு கன்றுகளின் அடைப்புக்குள் குனிந்தான்.

உள்ளே கன்றுக்குட்டியின் வயிற்றில் தலை வைத்து மேசி தூங்கிக்கொண்டிருந்தாள், ஒரு காலில் மட்டும் காலணி.

அவன் உடனே அவளைத் தூக்கவில்லை. வைக்கோலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிறு குழந்தைகள் அத்தனை பேரும் போயிருக்க வேண்டுமே. ஒன்று இங்கே இருக்கிறது. அப்படியானால் யாரும் போகவில்லை.

5

இந்த இடத்தில் நீங்கள் என்னைச் சந்தேகிப்பீர்கள். தவறான நம்பிக்கையால் குழந்தை கிடைக்கிறது, குழந்தையால் நம்பிக்கையின் தவறு தெரிகிறது. பூட்டும் சாவியும்போல ரொம்பப் பொருத்தம். மேசியை வேறு இடத்தில் கண்டெடுக்க வைத்து ஒரு பிரதி எழுதிப் பார்த்தேன். அதில் கேலன் வெறும் முட்டாளாகிவிட்டான். இதையே வைத்துக்கொள்கிறேன். தேடியவர்கள் தொழுவ வாசலிலிருந்து குரல் கொடுத்துவிட்டு ஓடைக்கு ஓடியிருந்தார்கள், கன்றின் அடைப்பில் யார் குனிவார்கள்? நடக்கக்கூடியதுதான்.

வெளியே வந்ததும் ஓடைப் பக்கம் தூரத்தில் மேசியின் பெயரைக் கூப்பிடும் குரல்கள் கேட்டன; குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவன் அந்தப் பக்கம் நடந்தான். ட்வைட் அழுதார், முழங்காலில் விழுந்தார், எழுந்தார். அப்புறம்தான் கேட்டார்.

"அங்க தேடணும்னு உனக்கு எப்படிடா தோணுச்சு?"

"தேடல. தண்ணி வைக்க வந்தேன்."

"என் மாட்டுக்கா? நான் இருக்கும்போதேவா?"

புரிய எல்லோருக்கும் கொஞ்ச நேரம் பிடித்தது. முதலில் புரிந்தது ட்வைட்டுக்கு.

"அடப்பாவி, நீயும் நம்ம ஆளாடா? இப்ப என் மாட்ட நான் யாருகிட்ட ஒப்படைக்கிறது?"

கூட்டம் சிரித்தது. பயம் தெளிந்த சிரிப்பு. சேற்றுப் பூட்ஸோடு நின்ற ட்ரீசா மட்டும் சிரிக்கவில்லை. கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

6

வீட்டில், சமையலறையில்.

"நான் போயிட்டேன்னு நம்பினியா?"

"அடுப்புல பீன்ஸ் கருகிட்டு இருந்துது. அணைச்சேன்."

"பீன்ஸப் பத்தி நான் கேக்கல."

"உன் செருப்பு நடுவுல கிடந்துது ட்ரீசா."

"கேலன். நம்பினியா, இல்லையா?"

அவனுக்கு இதில் என்ன சிக்கல் என்றால்: ஆமாம் என்றால் அவள் இத்தனை வருடம் செய்த ஜெபத்துக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று ஆகும். வரும் ஞாயிற்றுக்கிழமை, மனந்திரும்புகிறவர்களைப் போதகர் அழைக்கும்போது அவன் எழுந்து சபைக்கு முன்னால் நடக்க வேண்டும். ஆனால் தனக்கு வந்தது விசுவாசமா, சின்ன வயதில் உடம்பில் ஏறிய பயமா என்று அவனுக்கே தெரியவில்லை. இல்லை என்றால் அது பொய். அவளுக்கு இதுவரை கிடைத்த ஒரே அடையாளத்தையும் அவன் பிடுங்கிக்கொள்கிறான்.

முடிவு அ: ஆமாம் என்கிறான், ஞாயிறு முன்னால் நடக்கிறான், எல்லோரும் பாடுகிறார்கள். கேலனுக்குள் என்ன நடந்தது என்பதைப் பாட்டுச் சத்தத்தில் மறைத்துவிடுகிற முடிவு இது.

முடிவு ஆ: குழந்தையைக் காணோம் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன் என்கிறான். அவள் நம்பமாட்டாள். அவன் தொலைபேசி எங்கே எடுக்கும், எங்கே எடுக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

முடிவு இ: "நீ போயிட்டன்னு நெனச்சேன். உனக்காகச் சந்தோஷப்பட்டேன். அப்புறம் மாட்டப் பாக்கப் போனேன்" என்கிறான். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே அடித்துவிட்டேன். கேலன் இவ்வளவு அழகாகப் பேசுகிறவன் இல்லை, பேசுவது நான்.

கதையை முடிக்க முடியாமல்தான் ஓலீட்டா அம்மாளிடம் போய் இதுவரை வாய்மொழியாகச் சொன்னேன். முட்டைகளைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஞாயித்துக்கிழமை எழுந்து வருவான்."

"பயத்துலதானேம்மா வருவான்? அது நம்பிக்கையா?"

"நான் எதுல வந்தேன்னு நெனக்கிற?" என்றார். "ஒன்பது வயசு. ஸ்கூல் விட்டு வந்தா வீட்ல யாரும் இல்ல. அம்மா துணி காயப் போடப் பின்னாடி போயிருந்தா. அந்தப் பத்து நிமிஷம்தான். அந்த ஞாயித்துக்கிழமையே முன்னால போய் நின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அறுபது வருஷம். பயம் எப்பப் போச்சுன்னு தெரியல. போன பிறகும் நான் வந்துட்டுத்தான் இருந்தேன்."

நான் வீட்டுக்கு வந்து, பயம் வேறு நம்பிக்கை வேறு என்று உறுதியாக எழுதியிருந்த இரண்டு பக்கங்களைக் கிழித்தேன். அதற்கு எதிராக எழுதவும் வரவில்லை. ஓலீட்டா அம்மாளுக்கு நேர்ந்தது கேலனுக்கும் நேர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

7

ஆகவே இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ட்ரீசா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. காத்திருப்பது அவளுக்குப் பழக்கம். கேலன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். சொல்லப்போகிறான், வாய் திறந்துவிட்டது.

உங்களிடம் ஒரு பதில் இருக்கும். நல்ல பதிலாகவே இருக்கும். அதை எனக்கு எழுதி அனுப்ப வேண்டாம். அவன் இடத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, அவளிடம் சொல்லுங்கள்.