வட்டத்தில் ஒருவர்

கைநிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ரோஹிணியின் அண்ணன் சூர்யநாராயணன் சொந்தமாகத் தொடங்கிய கம்பெனிக்கு 'வட்டம்' என்று பெயர். 2008-ஆம் வருஷத் தொடக்கத்தில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில், ஒரு நண்பனோடு உட்கார்ந்து அதைச் செய்தான். என்ன செய்கிறான் என்று அம்மா சாவித்ரி கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான்.

"நெட்ல பல் டாக்டர்னு தேடினா அமெரிக்காக்காரன் வந்து நிக்கறாம்மா. அவன் எனக்கு எதுக்கு? எனக்குத் தெரிஞ்சவங்க எதைப் பார்த்தாங்களோ, எது அவங்களுக்குப் பயன்பட்டதோ, அது முதல்ல வரணும். அதான் வட்டம்."

"அப்போ நான் பார்க்கறதெல்லாம் ஊருக்கே தெரியுமா?" என்று ரோஹிணி கேட்டாள்.

"பேரே வராது. 'உங்கள் வட்டத்தில் ஒருவருக்கு இது பயன்பட்டது'ன்னு மட்டும்தான் வரும்."

ஆள் சேரவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரையும் பிடித்துச் சேர்த்தான். வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாலே வட்டம்தான் வரும்படி வைத்தான். ஜூன் மாதம் ரோஹிணிக்கு நிச்சயமானபோது, தாம்பூலத் தட்டு மாற்றிய கையோடு மாப்பிள்ளையின் மெயில் முகவரியையும் வாங்கிக்கொண்டான். மாப்பிள்ளை ராகவன் பம்மல்காரன். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன யூனிட்டில் புரொடக்‌ஷன் இன்ஜினியர். மச்சினன் முதன்முதலாகக் கேட்ட காரியம் என்று மறுபேச்சில்லாமல் சேர்ந்துகொண்டான்.

ரோஹிணி சேலையூரில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். பதினாலு வயதில் அவளுக்கு முதல் முறையாக வலிப்பு வந்தது. அன்றிலிருந்து காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மாத்திரை. கடைசியாக வந்து நாலு வருஷமாகிவிட்டது. டாக்டர் தைரியமாகக் கல்யாணம் செய்யலாம் என்று சொல்லியிருந்தார். அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்றும் அவரே சொன்னார். முதல் பாதியை மட்டும் சாவித்ரி கேட்டுக்கொண்டாள்.

"கல்யாணம் ஆகட்டும். ஒரு குழந்தை பொறக்கட்டும். அப்புறம் நீயே பக்குவமா சொல்லிக்கோ" என்றாள். அண்ணனும் அதற்குத் தலையாட்டினான்.

ராகவன் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் செய்வான். லேத் மெஷினைப் பற்றியும், அவனுடைய அம்மாவின் முக நரம்பு வலியைப் பற்றியும் பேசுவான். ஒருநாள் அவள், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள். "சொல்லுங்க" என்று அவன் காத்திருந்தான். அடுக்களையிலிருந்து அம்மா வெளியே வந்து நின்றாள். ரோஹிணி பேச்சை மாற்றி, முகூர்த்தப் புடவை அரக்கு நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று சொல்லி முடித்துவிட்டாள். அன்று போனை வைத்த பிறகு அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

ஆடி மாதம் ஒரு முடிவுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் புடவை எடுக்கப் போகிறார்கள். கூட்டத்தில் எப்படியும் பத்து நிமிஷம் தனியாகக் கிடைக்கும். அப்போது சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவன் முதலில் கேட்கப்போவது குழந்தையைப் பற்றித்தான். அதற்குத் திக்கித் திணறக்கூடாது என்று, பள்ளி விட்டு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தான் சாப்பிடும் மாத்திரையின் பெயரைப் போட்டுத் தேடினாள். அதைச் சாப்பிடும் பெண்கள் கர்ப்பமானால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு டாக்டர் விளக்கமாக எழுதியிருந்த பக்கம் கிடைத்தது. முக்கால் மணி நேரம் அதைப் படித்தாள். அடுத்த இரண்டு நாளும் திரும்பப் போய்ப் படித்தாள். முக்கியமானதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பள்ளி விடும் நேரத்தில் ராகவன் வாசலில் நின்றிருந்தான். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை. இப்படி அவன் வந்ததே இல்லை. கேம்ப் ரோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் பைக்கைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தான்.

"ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். "அம்மாவுக்கு நரம்பு வலிக்கு டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். இது எதுக்குன்னு பாருடான்னாங்க. உங்க அண்ணன் சொன்னாரேன்னு அந்த மாத்திரை பேரை வட்டத்துலதான் போட்டுத் தேடினேன். நரம்பு வலியைப் பத்தி ஒண்ணும் வரல. வலிப்பு இருக்கற பொண்ணுங்க கர்ப்பமானா என்ன பண்ணணும்னு முதல்ல வந்து நிக்குது. கீழே, உங்கள் வட்டத்தில் ஒருவருக்கு இது பயன்பட்டதுன்னு போட்டிருக்கு."

நரம்பு வலிக்கும் தான் சாப்பிடும் அதே மாத்திரையைத்தான் கொடுப்பார்கள் என்று ரோஹிணிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"என் வட்டத்துல மொத்தமே ரெண்டு பேருதான். உங்க அண்ணன், அப்புறம் நீங்க."

அண்ணன் வேலைக்காக ஆயிரம் பக்கம் திறந்து பார்ப்பான் என்று சொல்லிவிடலாம். அப்படி ஏதாவது சொல்ல மாட்டாளா என்றுதான் அவனும் நிற்கிற மாதிரி இருந்தது.

"எனக்குத்தான்" என்றாள். "பதினாலு வயசுலேர்ந்து இருக்கு. ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட சொல்றதா இருந்தேன். அதுக்காகத்தான் படிச்சேன்."

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் சொல்வது அதைத்தான். அவசரமாகக் கைப்பையைத் திறந்து தாளை எடுத்துக் கொடுத்தாள். அவன் பைக்கை ஸ்டாண்ட் போட்டு நிறுத்திவிட்டு, வரி விடாமல் படித்தான்.

"இதுல தேதி இல்லையே" என்றான்.

"புதன்கிழமை எழுதினேன்."

"நம்பணும்னுதான் எனக்கும் ஆசை." தாளை அதே மடிப்பில் மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "ஃபிட்ஸ் எனக்குப் பெரிய விஷயமில்ல ரோஹிணி. எங்க ஸ்டோர்ஸ்ல ஒருத்தருக்கு இருக்கு. இருபது வருஷமா வேலை பார்க்கறார். நீங்க வாயால சொல்லியிருந்தா நான் அம்மாகிட்ட சண்டை போட்டிருப்பேன். ஆனா அது வந்தப்போ அம்மா பக்கத்துலதான் உக்காந்திருந்தாங்க. ஏமாத்தப் பார்த்தாங்கன்னு சொல்றாங்க. இல்லன்னு நான் எதை வெச்சுச் சொல்றது?"

மேடவாக்கம் பஸ் வந்து நின்று, கிளம்பிப் போனது. அவன், "வரேன்" என்றான். அது எப்போதும் சொல்கிற வார்த்தைதான் என்றாலும் இனிமேல் வரமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணன் ஜெராக்ஸ் கடை மாடிக்கு ஓடினான். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"முதல்ல, பயன்பட்டதுன்னு படிக்கறவங்களே ஒரு பட்டனை அழுத்தணும்னுதான் வெச்சிருந்தோம். யாருமே அழுத்தல. அதனால போன மாசம் மாத்தினோம். ஒரு பக்கத்துல ரொம்ப நேரம் இருந்தா, திரும்பத் திரும்ப வந்தா, பயன்பட்டதா எடுத்துக்கும். தப்பா எதுவும் நடக்கல. சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு."

"பேர் வராதுன்னு சொன்னியேண்ணா."

"பேர் வரலையே" என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவள் கண் முன்னாலேயே அவள் தேடியதையெல்லாம் அழித்தான். அழிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அம்மா அண்ணனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "யாரு உன்னைத் தேடச் சொன்னா?" என்று ரோஹிணியிடம்தான் கத்தினாள். மறுநாள் பம்மலுக்குப் போய் ஒரு மணி நேரம் கெஞ்சிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராகவனின் மாமா போன் செய்து, ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று கௌரவமாக முடித்துக்கொண்டார். உண்மையான காரணம் என்னவோ குரோம்பேட்டைச் சொந்தங்கள் வரைக்கும் ஒரு வாரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. பள்ளியில் தலைமை ஆசிரியை கூப்பிட்டு, பிள்ளைகளோடு டூருக்கு வர வேண்டாம் என்று அன்பாகச் சொன்னார்.

நடந்ததையெல்லாம் ராகவனுக்கு ஒரு மெயிலாக எழுதினாள். பதில் வரவில்லை. தை மாதம் அவனுக்கு வாலாஜாபாத்தில் கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டாள். அந்தச் சமயத்தில் வட்டத்துக்கு முதல் போடுவதாகச் சொன்னவர்களும் பின்வாங்கினார்கள். அண்ணன் அறையைக் காலி செய்துவிட்டு பெங்களூரில் ஒரு வேலைக்குப் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து அம்மாவிடம் பேசுவான். "ரோஹிணி என்ன பண்றா?" என்று கேட்பான். அவளைக் கூப்பிடச் சொல்ல மாட்டான்.

சித்திரையில் செங்கல்பட்டிலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. ரோஹிணி காபித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். யாரும் கேட்பதற்கு முன்னால், தனக்கு வலிப்பு உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது, டாக்டர் கல்யாணம் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார் என்று தெளிவாகச் சொன்னாள். பையனின் அப்பா, "உண்மையைச் சொன்னதுக்கு ரொம்ப சந்தோஷம்மா" என்றார். காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். வெயிலுக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று எழுந்தார்கள்.

அவர்கள் ஆட்டோ திரும்பிய பிறகு சாவித்ரி அடுக்களைத் தரையில் உட்கார்ந்தாள்.

"சொல்லாம இருந்திருக்கலாம்டி" என்றாள்.

ரோஹிணி டம்ளர்களைக் குழாயடியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

"இருந்திருக்கலாம்மா" என்றாள்.