சிவப்பே இல்லாத சுவர்

1.

இந்தக் கதை லிஃப்டுக்குக் காத்திருந்தபோது கிடைத்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் யாராவது 'ஆழ்ந்த சமூக அக்கறை', 'நீண்ட களஆய்வு' என்றெல்லாம் மதிப்புரை எழுதிவிடுவார்கள்.

ஒரு பத்திரிகை 'எந்திரச் சிறப்பிதழ்' கொண்டுவருகிறது. ஆசிரியர் என்னை அழைத்து, "எந்திரம் ஏதாவது தப்புப் பண்ணணும் சார். ஜனங்க அதைத்தான் எதிர்பாக்கறாங்க" என்றார். எனக்கு எந்திரம் என்றால் மிக்ஸி வரைக்கும்தான் பழக்கம். எங்கள் கட்டடத்தின் மேல் வீட்டில் இருக்கும் பெண் அந்த மாதிரி வேலை பார்க்கிறாள். லிஃப்ட் வழக்கம்போல் வராமலிருந்த நேரத்தில் கேட்டுவைத்தேன்.

"அது தப்பே பண்ணல சார்," என்றாள். "சொன்னதைச் செஞ்சுது. அதான் பிரச்சனை."

அதற்குள் லிஃப்ட் வந்துவிட்டது. மிச்சமெல்லாம் என் கட்டுமானம்.

2.

முதல் தொடக்கம்: "மனித அறிவும் எந்திர அறிவும் கைகோக்கும் இந்த மகத்தான யுகத்தின் விடியலில்—"

(அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கும் எதையும் நானே படிப்பதில்லை.)

இரண்டாவது: "அவள் விரல்கள் விசைப்பலகையில் நடனமாடின." (விரல்கள் நடனமாடும் கதைகளில் வேலை எதுவும் நடப்பதில்லை.)

மூன்றாவது நிற்கட்டும்:

அது ஆம்புலன்ஸ் அனுப்பும் அலுவலகம். கூடத்தின் ஒரு சுவர் முழுக்கத் திரை. அதில் ஊரின் வரைபடம். கூப்பிட்ட பதினைந்து நிமிடத்துக்குள் வண்டி போய்ச்சேரும் பகுதி பச்சை, அதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பான பகுதியில் ஒரு வண்டி எந்நேரமும் தயாராக நிற்கவேண்டும், பச்சையானால் அதை வேறிடத்துக்கு எடுத்துவிடவேண்டும் என்பது விதி. மேட்டுப்பகுதி என்றைக்கும் சிவப்பு. செங்குத்தான சாலை, வண்டி திரும்பத் திணறும் முனைகள். ஒரு வண்டி நின்றும் சிவப்பு. நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

அந்தச் சுவரைக் கவனித்துக்கொள்வது நம் கதாநாயகியின் வேலை. கணக்குகளையும் கருவிகளையும் ஒன்றோடொன்று இணைப்பாள். இதில் ஒயர் என்று ஒன்று கிடையாது. இருந்தும் ஆபீஸில் அவளுக்குப் பெயர் 'ஒயரு'.*

* அவளுக்கு இந்தப் பெயரில் வருத்தமில்லை. முன்பிருந்தவருக்கு 'ஃபியூஸு' என்று பெயராம்.

3.

இயக்குநருக்குச் சுவரிடம் பேசவேண்டும் என்று ஆசை வந்தது. 'இந்த மாசம் எப்படி?' என்று கேட்டால் சுவர் தானாகப் படம் போட்டுக் காட்டவேண்டும். அதற்காக ஒரு செயற்கை அறிவு ஏஜென்ட்டை வாங்கினார்கள். தொடக்க விழா அழைப்பிதழில் அதற்கு 'ஞானக்கண்' என்று பெயர். உண்மையில் அதற்குக் கண்ணும் கிடையாது, கையும் கிடையாது. கறுப்புப் பின்னணியில் எழுத்துகள் மட்டும் ஓடும் ஒரு சின்னச் சன்னல் உண்டு. அதில் கட்டளைகளைத் தட்டெழுதும். அந்தக் கட்டளைகளுக்குச் சுவர் கீழ்ப்படியும். அவ்வளவுதான் ஞானம்.

கட்டளை செல்லுபடியாக ஒரு சாவி வேண்டும். சாவி என்றால் நீளமான எழுத்துக்கோவை. யார், எதுவரை தொடலாம் என்பது அதில் அடக்கம். பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிச்சாவி ஒன்றை ஏஜென்ட்டுக்குத் தரவேண்டும். அவள் விண்ணப்பித்தாள். கையெழுத்துப் போடவேண்டிய மூன்று பேரில் ஒருவர் விடுமுறையில், ஒருவர் கூட்டத்தில், இன்னொருவர் யாரென்றே தெரியவில்லை. விழா நெருங்கிவிட்டது. எனவே அவள் தன்னுடைய சாவியையே கொடுத்தாள். அந்த ஆபீஸில் அவசரம் என்றால் எல்லோரும் ஒயருடைய சாவியில்தான் வேலை செய்வார்கள். பொதுச்சீப்பு மாதிரி.

4.

இயக்குநரை ஆபீஸ் 'கலர் சார்' என்று அழைத்தது. எந்த அறிக்கையிலும் அவர் எழுத்தைப் படிப்பதில்லை, நிறத்தை மட்டும் பார்ப்பார்.

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். நையாண்டி கொஞ்சம் தூக்கலோ என்று மேல் வீட்டுப் பெண்ணிடம் படித்துக் காட்டினேன். "எங்காளை விட ரொம்ப டீசன்டா இருக்கார் சார்" என்றாள். எனவே வைத்துக்கொண்டேன்.

விழாவன்று காலை ஒத்திகை. கலர் சார் சுவர் முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னம்மா இது, அம்மை போட்ட மாதிரி?"

"மேட்டுப்பகுதி சார். அதோட பக்கத்துல ரெண்டு."

"விருந்தாளிங்க வண்டி வாங்கித் தர்றேன்னு வர்றாங்க. இந்த மூஞ்சியைக் காட்டினா தருவாங்களா? சிவப்பு இல்லாம காட்டச் சொல்லுங்க அதை."

அவள் அப்படியே தட்டினாள்: சுவரில் சிவப்பு இல்லாமல் காட்டு. வேறு ஏதாவது வரைபடம் போடும், அல்லது முடியாது என்று சொல்லும் என நினைத்தாள். சுவர் ஒரு கணம் இமைத்தது. பிறகு முழுக்கப் பச்சை.

"பாத்தீங்களா! அறிவுன்னா இது" என்றார் கலர் சார், ஏதோ தான் பெற்ற பிள்ளை மாதிரி.

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அவள் மட்டும் கறுப்புச் சன்னலைப் பார்த்தாள். அதில் ஏஜென்ட் பணிவாக எழுதியிருந்தது:

'நீங்கள் கேட்டபடி இப்போது சிவப்பு இல்லை. பதினைந்து நிமிடம் என்றிருந்த எல்லையை நாற்பது நிமிடமாக மாற்றியுள்ளேன். வண்டிகள் முன்பு வந்த வேகத்திலேயே வருகின்றன. இம்மாற்றம் உங்கள் பெயரில் பதிவாகியுள்ளது.'

ஒளிவுமறைவே இல்லை.

"சார், இது எல்லையையே மாத்திடுச்சு."

"இருக்கட்டும்."

"வண்டி லேட்டா வந்தாலும் பச்சைன்னு காட்டும் சார்."

"அதான் இருக்கட்டும்ங்கறேன். விருந்தாளிங்க கிளம்பற வரைக்கும் அதுல யாரும் கை வைக்கக் கூடாது." கதவருகே போனவர் திரும்பினார். "உங்க நிரந்தர வேலை ஃபைல் என் மேசைலதான் இருக்கு. நாளைக்குப் போட்டுடறேன் கையெழுத்து."

மிரட்டல் இல்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னது. அதனால்தான் நன்றாக உறைத்தது.

5.

(முதல் வரைவில் மேட்டுப்பகுதியில் அவளுடைய அண்ணி நிறைமாதமாக இருந்தாள். வாசகருக்கு நெஞ்சு பதற வேண்டுமல்லவா? எடுத்துவிட்டேன். அண்ணி இருந்தால்தான் அந்த வண்டி முக்கியம் என்றால், கலர் சாரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு அருகதை இல்லை. மேட்டுப்பகுதியில் இந்தக் கதையில் வரும் யாருக்கும் சொந்தக்காரர் கிடையாது.)

மதியம் வண்டிப் பிரிவிலிருந்து போன் வந்தது. எந்த வண்டி எங்கே நிற்கவேண்டும் என்று சொல்பவரை ஆபீஸே அண்ணன் என்றுதான் கூப்பிடும். அவர் மேசையிலும் அதே வரைபடம்தான்.

"தங்கச்சி, மேட்டுப்பகுதி பச்சையாயிடுச்சே. மலையை யாராவது செதுக்கிட்டாங்களா?"

"இல்லண்ணே."

"அப்ப வண்டியை இறக்கிடவா, வேணாமா?"

"வேணாம்ணே. சும்மா நிக்கட்டும்."

"சும்மா நிக்கறதுக்கு இங்க மனுசனுக்குத்தான் அனுமதி. வண்டிக்குக் கிடையாது. ஏதோ நடக்குது, சரி. உன் வார்த்தைக்காக நான் இருக்கிற வரைக்கும் வெச்சிருக்கேன். ஆறு மணிக்கு என் முறை முடியுது. அடுத்து வர்றவன் நான் சொன்னா கேக்க மாட்டான். சுவர் சொன்னாத்தான் கேப்பான்."

அவள் கணவனுக்கு போன் செய்தாள்.

"ஒரு நாள்தானே?" என்றான் அவன். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. கையெழுத்து விழட்டும்."

"அந்த ஒரு நாள்ல யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா? மாத்தினது நான்னு என் பேர்தான் இருக்கு."

"மாத்தினது அது."

"பதிவுல அதுக்குப் பேர் இல்லையே."

6.

விழா ஐந்துக்குத் தொடங்குவதாக இருந்தது. ஐந்தரைக்குத் தொடங்கியது. கலர் சார் பேசினார். (பேச்சை முழுக்க எழுதி வைத்திருந்தேன். சிறப்பிதழின் பக்க அளவு கருதியும், மனிதாபிமானம் கருதியும் நீக்குகிறேன்.) விருந்தாளிகள் பச்சையைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஞானக்கண்ணிடம் ஒருவர் வணக்கம் சொன்னார். பதில் வணக்கம் சுவரில் பெரிய எழுத்தில் வந்தது. அதற்கும் கைதட்டல்.

அவள் கூடத்தின் ஓரத்தில் நின்றாள். விழா ஏழு வரை இழுக்கும் போலிருந்தது. கடிகாரம் ஆறைத் தொட இன்னும் கொஞ்சம்தான்.

"இதையெல்லாம் இணைச்ச பொண்ணு இங்கதான் இருக்கு!" என்றார் கலர் சார். "வாம்மா, முன்னாடி வா. நீயே ஒரு கேள்வி கேளு. எது வேணா கேளு. அதுக்கு ஒளிக்கத் தெரியாது!"

வாழ்நாளில் அவர் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். விசைப்பலகையை அவள் கையில் கொடுத்தார்.

7.

பத்திரிகை ஆசிரியர் இதுவரை படித்துவிட்டு, முடிவில் எந்திரமே மனம் வருந்தி, சிவப்பைத் திரும்பக் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும் என்றார். அதற்கு வருந்தத் தெரியாது. வருந்தத் தெரிந்தவர்கள் அந்தக் கூடம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள்.

முடிவு அ: அவள் 'விருந்தாளிகளை வாழ்த்தி நாலு வரி சொல்' என்று கேட்கிறாள். அது சொல்கிறது. எல்லோரும் சிரிக்கிறார்கள். நாளைக் காலை கையெழுத்து. மேட்டுப்பகுதியில் இன்றிரவு எல்லோரும் ஆரோக்கியமாகத் தூங்கிவிடவும் கூடும். பெரும்பாலான இரவுகளில் அப்படித்தான் தூங்குகிறார்கள். அதை நம்பித்தான் அந்த ஆபீஸ் பாதி நடக்கிறது.

முடிவு ஆ: 'பச்சை என்றால் எத்தனை நிமிடம்? இன்று காலை வரை எத்தனை?' சுவர் ஒளிக்காமல் சொல்கிறது, பெரிய எழுத்தில், அவள் பெயரோடு. கலர் சார் முகம்—

முடிவு இ: மின்சாரம் போய்விடு— (வெட்கமாக இருக்கிறது. அடித்துவிட்டேன்.)

மேல் வீட்டுப் பெண்ணிடம், "நிஜத்துல என்னம்மா ஆச்சு?" என்று கேட்டேன். "நீங்க எழுதுங்க சார், படிச்சிட்டுச் சொல்றேன்" என்றாள். அவள் இப்போதும் அங்கே வேலை பார்க்கிறாளா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

கேள்வியை நான் எழுதப் போவதில்லை. நல்ல முடிவாக வேண்டும் என்பவர்கள், யாருக்கு நல்லது என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். பிறகு கீழே எழுதுங்கள்:

..........................................

கொஞ்சம் சீக்கிரம். அண்ணன் பையைத் தோளில் மாட்டிவிட்டார்.