பழைய சாவி யார் கையில்?

பள்ளிக்கூடம் அனுப்பிய காகிதம் பதினொரு பக்கம். இரும்புப் பெட்டி வாங்கினால்கூட ஒரு பக்கம்தான் தருவான், அதிலும் பாதி படம். எட்டு வயதுப் பிள்ளைக்குக் கூட்டல் கழித்தல் சொல்லித் தருவதற்குப் பெரியவர்களிடம் பதினொரு பக்கம் எதற்கு என்று பூட்டுக்காரருக்கு விளங்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தால் நாலாவது வரியிலேயே மூச்சு வாங்கியது. அதைக் கொண்டுவந்து கடை மேசையில் வைத்த மகள் கிளம்பத் தயாராக நின்றாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் வேலை அவளுக்கு. மாற்று ஆள் கிடையாது.

"அப்பா, மூணு மணிக்குக் கூட்டம். பிள்ளைங்க இண்டர்நெட்ல பத்திரமா இருக்கறதைப் பத்தி. நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க. எதுலயும் கையெழுத்துப் போட்டுடாதீங்க."

"நான் என்னைக்கும்மா போட்டிருக்கேன்?"

ஒரே ஒரு தடவை போட்டிருக்கிறார், மகளின் கல்யாணப் பதிவேட்டில், சாட்சியாக. அந்தக் கையெழுத்தின் லட்சணம் இப்போது குடும்ப நீதிமன்றத்தில் ஒரு வழக்கு எண்ணோடு கிடக்கிறது. அன்றிலிருந்து பேனாவைக் கண்டால் அவருக்கு ஆகாது.

வழக்கில் அடிபட்ட வார்த்தைகளை வக்கீலம்மா ஒரு மணி நேரம் விளக்கியிருந்தார். அதைப் பூட்டுக்காரர் தன் வசதிக்குச் சுருக்கி வைத்திருந்தார். பராமரிப்பு உரிமை என்றால் சாவி மகள் கையில். சந்திப்பு உரிமை என்றால், சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மருமகன் நீதிமன்றத்து அறையில் பிள்ளையோடு உட்காரலாம், ஓர் அம்மாள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அதற்கு மேல் கிடையாது. போன வருஷம் அவன் பள்ளி வாசலிலிருந்தே பிள்ளையை அள்ளிக்கொண்டு போய், எங்கே இருக்கிறாள் என்று சொல்லாமல் மூன்று நாள் வைத்திருந்தான். அந்த மூன்று நாளில் மகள் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. அதனால்தான் வீடும் மாறியது, பள்ளியும் மாறியது. புது விலாசம் அவனுக்குத் தெரியக் கூடாது என்று நீதிபதியே உத்தரவு போட்டிருக்கிறார்.

பூட்டுக்காரர் படுக்கை கடையின் பின்னறையில். மகள் வீட்டுக்குப் போனால் இரண்டு பஸ் மாறி, பின்னால் எவன் வருகிறான் என்று கழுத்து சுளுக்கிக்கொள்கிற அளவுக்குத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார். யாரையும் நம்பாதது அவருக்குப் பிறவிக் குணம். தொழில் அதற்குச் சாணை பிடித்துக் கொடுத்தது. எந்த வீட்டுக்குப் பூட்டு மாற்றப் போனாலும் பையைத் திறக்குமுன் ஒரே கேள்விதான் கேட்பார்: "பழைய சாவி யார் யார்கிட்ட இருக்கு?" வேலைக்காரி, பழைய குடித்தனக்காரன், கோபித்துக்கொண்டு போன தம்பி என்று ஜனங்கள் தலையைச் சொறிந்துகொண்டே பட்டியல் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சுவரில் வெளிச்சம் காட்டி ஓர் ஆலோசகர் அம்மாள் பேசினார். ஒப்புதல், இருப்பிடப் பகிர்வு, டிஜிட்டல் தடம் என்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டார். முன்பின் தெரியாதவன் பிள்ளையிடம் விளையாட்டில் நைச்சியமாகப் பழகி, ரகசியம் பேசி, மெல்ல மெல்ல வசப்படுத்துவதற்கு க்ரூமிங் என்று பெயராம்.

"இதுக்குப் பேரெல்லாம் வேற வெச்சுக் கொஞ்சுறாங்களா?" என்றார் பூட்டுக்காரர். நாலு பேர் சிரித்தார்கள். ஆலோசகர் சிரிக்கவில்லை.

"பேர் இருந்தாத்தான் ஐயா பிள்ளை வந்து சொல்லும்போது உங்களுக்குப் புரியும்."

அடுத்து பள்ளியின் குமாஸ்தா எழுந்தார். திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கு ஒரு செயலி வருகிறது. பஸ் எங்கே நிற்கிறது, பிள்ளை எங்கே இறங்குகிறது, எல்லாம் பெற்றோர் கைபேசியிலேயே தெரியும். சபை கை தட்டியது. பூட்டுக்காரர் கை தட்டவில்லை.

"எந்தப் பெற்றோருக்கு?"

"எல்லாப் பெற்றோருக்கும்தான் பெரியவரே."

"என் பேத்தி கணக்குல பழைய சாவி யார்கிட்ட இருக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

"சாவியா? எந்தச் சாவி?"

"ஃபோன் நம்பர்யா! யார் யார் நம்பர் போட்டிருக்கீங்க?"

குமாஸ்தா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகக் கணினியைத் தட்டினார். அப்புறம் முகம் மாறியது. பழைய பள்ளி அனுப்பிய விவரத்தாளைப் பார்த்து அப்படியே ஏற்றியிருந்தார்கள். அப்பா நம்பரும் இருந்தது. நீதிமன்ற உத்தரவின் நகல் எங்கே என்று கேட்டால், பீரோவில் பத்திரமாக இருந்தது. அத்தனை பத்திரம், யார் கண்ணிலும் படவில்லை.

"திங்கக்கிழமைதான் எல்லாருக்கும் மெசேஜ் போகும். இன்னும் போகல ஐயா. இதோ எடுத்துட்டேன்" என்றார் குமாஸ்தா. குரலில் தேன் வழிந்தது.

பூட்டுக்காரருக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. படித்தவர்கள் கூடி நின்று கோட்டை விட்டதைப் படிக்காதவன் கண்டுபிடித்துவிட்டான்! அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் மரியாதையாக வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். ஆனால் ஆலோசகர், "நம்ம இண்டர்நெட் பக்கத்தை நாமே ஒரு அந்நியன் கண்ணால பாக்கணும். யாராவது முன்வருவீங்களா?" என்று கேட்டபோது இவர் சும்மா இருக்கவில்லை.

"என்கிட்டதான் ஒளிக்க ஒண்ணும் இல்லையே. என் கடைப் பக்கத்தைப் போடுங்க. பக்கத்துக் கடை செல்போன்காரன் போட்டுக் கொடுத்தது."

"ஆமா மேடம், நல்லா இருக்கும். அதைப் பாத்துத்தான் எங்க வீட்டுக்கு இவரைக் கூப்பிட்டோம்" என்று முன்வரிசையில் ஒரு தாய் சான்றிதழ் வேறு கொடுத்தாள்.

சுவரில் படம் பளிச்சென்று விழுந்தது. மகள் வீட்டுப் புதுப் பூட்டு. அவர் தொழில் வாழ்க்கையில் மாட்டியதிலேயே உசத்தியான பூட்டு. வேலை முடிந்த பெருமையில் அவரே எடுத்த படம். கதவு முன்னால் பேத்தி சீருடையில், முன்பல் இரண்டும் இல்லாமல் சிரித்துக்கொண்டு, புதுச் சாவியை மிட்டாய் மாதிரி முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே செல்போன்காரன் சொந்தச் சரக்காக ஒரு வரி சேர்த்திருந்தான்: 'பேத்தி வீட்டுக்கே நம்ம பூட்டுதான்!'

"இதுல என்னென்ன தெரியுது?" என்று ஆலோசகர் சபையைக் கேட்டார்.

"பள்ளிக்கூட முத்திரை."

"கதவு நம்பர் பதினாலு."

"வராந்தா ஜன்னல் வழியா அந்தப் பச்சைத் தண்ணித் தொட்டி தெரியுது. அது எந்தத் தெருன்னே சொல்லிடலாம்."

"யார் வேணும்னாலும் பாக்கலாம்னு விட்டிருக்கு" என்று முடித்தார் ஆலோசகர்.

அவர்கள் கண்ணில் படாத ஒன்று பூட்டுக்காரர் கண்ணில் பட்டது. சாவியின் பல். சுவர் அகலத்துக்கு, மேடும் பள்ளமும், ஒவ்வொரு வெட்டும் துல்லியமாக. தொழில் தெரிந்தவனுக்கு அசல் சாவியே வேண்டாம், இந்தப் படம் போதும். அவரே ஐந்து நிமிஷத்தில் அரத்தை வைத்து ராவிக் கொடுத்துவிடுவார். வாடிக்கையாளர் சாவியைக் கை மறைக்காமல் மேசையில் வைத்தாலே திட்டுகிற மனுஷன்.

படத்துக்குக் கீழே, பிடித்திருக்கிறது என்று கட்டைவிரல் போட்டவர்கள் வரிசை. மூன்றாவது ஆளுக்கு முகம் இல்லை, சிவப்பு டாங்க் வைத்த ஒரு மோட்டார் சைக்கிள் மட்டும். அந்த வண்டியை அவருக்குத் தெரியும். கல்யாணத்தில் அதன் சாவியை மருமகன் கையில் கொடுத்ததே அவர்தான்.

"இது எப்பப் போட்டது?"

"பத்தொன்பது நாள் ஆச்சு ஐயா."

நாற்காலியிலிருந்து எழுந்தார். அது கூடவே எழுந்து வந்தது. பிடுங்கிப் போட்டுவிட்டு வெளியே நடந்தார்.

முதலில் செல்போன்காரனைப் பிடித்துப் படத்தை எடுக்க வைத்தார். "நீங்கதான போடச் சொன்னீங்க?" என்று அவன் கேட்டதற்காகவே அவனை இன்னும் நாலு வார்த்தை அதிகமாகத் திட்டினார். பையைத் தூக்கிக்கொண்டு, அன்றைக்கு மட்டும் பின்னால் திரும்பிப் பார்க்காமல், மகள் வீட்டுக்கு ஓடினார். இனிமேல் திரும்பிப் பார்த்து என்ன?

கதவைத் துழாவினார். கீறல் இல்லை, திறந்த அடையாளமும் இல்லை. பூட்டைக் கழற்றி மடியில் வைத்து, உள்ளே இருந்த குட்டிக் குட்டிப் பின்களைக் கொட்டி, பழைய சாவி சேராதபடி வேறு அளவில் போட்டார். அவசரத்தில் ஒரு பின் உருண்டு ஓடிப்போனது. மகள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவர் வாசலில் மண்டியிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, நல்லாத்தான இருந்துச்சு பூட்டு?"

சொன்னார். பூசி மெழுகவில்லை. செல்போன்காரன் பெயரைக்கூட இழுக்கவில்லை.

"ஊர்ல ஒருத்தரையும் நம்பமாட்டீங்களேப்பா! என் ஃபோனைக்கூட வாங்கி வாங்கிப் பாப்பீங்களே!"

"ஆமாம்மா."

"போன சனிக்கிழமை அவர் அவகிட்ட, தண்ணித் தொட்டி மேல ஏறி விளையாடுவியான்னு கேட்டாராம். ஏதோ பேச்சுக்குக் கேக்கறார்னு நினைச்சேன்."

பூட்டுக்காரர் மறுபடி குனிந்து தரையைத் துழாவினார். தவழ்ந்து போய்ப் பின்னைக் கண்டுபிடித்தவள் பேத்திதான். உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"தாத்தா, என் ஃபோட்டோவ ஊருக்கே காட்டறதுக்கு முன்னாடி என்கிட்ட கேட்டியா?"

பதினொரு பக்கத்தில் விளங்காத ஒப்புதல் என்கிற வார்த்தை அப்போது விளங்கியது. "கேக்கலடி" என்றார்.

மறுநாள் வக்கீலம்மாவின் அறை. விலாசம் வெளியே போனதை நீதிமன்றத்தில் தாமாகவே சொல்லிவிட வேண்டும், தண்ணீர்த் தொட்டிப் பேச்சையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அப்போதுதான் வீட்டுப் பக்கமே வரக் கூடாது என்று கடுமையான உத்தரவு கேட்க முடியும் என்றார் வக்கீலம்மா. அதற்கு ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும். வெளியே விட்டவர் கையெழுத்தோடு.

"படிங்க" என்றார் பூட்டுக்காரர். "ஒவ்வொரு வார்த்தையா."

வக்கீலம்மா படித்தார். "வயது முதிர்ந்த நான், போதிய கல்வியறிவு இல்லாத காரணத்தால், அறியாமையால் மேற்படி படத்தை..."

"நிறுத்துங்க. அறியாமைன்னா?"

"உங்களுக்குத் தெரியாம நடந்துபோச்சுன்னு அர்த்தம் ஐயா. அது உங்களுக்கு நல்லது. கோர்ட்ல கோவிச்சுக்க மாட்டாங்க."

"பொய்யி. அடிச்சிடுங்க." வக்கீலம்மா நிமிர்ந்து பார்த்தார். "பள்ளிக்கூடம் போகாதது படிப்பு விஷயத்துக்குத்தான் சாக்கு. சாவியை எவனுக்கும் காட்டக்கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான். காட்டினது பீத்தலுக்கு. அப்படியே எழுதுங்க."

"பீத்தல்னு எழுத முடியாதுங்க ஐயா."

"பெருமைன்னு எழுதுங்க. உங்க கோர்ட்டுக்கு அது போதும்."

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. வக்கீலம்மா அந்த வரியை அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு எழுதி, பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டவர் மூடியைத் திறக்குமுன் கேட்டார்:

"இந்தக் காகிதத்துல எம் மக வீட்டு விலாசம் போட்டிருக்கா?"

"போட்டுத்தான் ஆகணும் ஐயா."

"நகல் யார் யாருக்குப் போகும்?"

வக்கீலம்மா வாயைத் திறந்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் ஒரு நகல் போக வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. காகிதத்தை மெல்ல இழுத்துக்கொண்டு, விலாசத்தை மூடிய உறையில் நீதிபதிக்கு மட்டும் தனியாகக் கொடுப்பதாக எழுதி, புதிதாக அச்சடித்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் பூட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். எழுத்து எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு, வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக.