மாமியாரும் ஒரு 'டஸ்'ஸும்

விமான நிலையத் தடத்தில் பஸ் ஓட்ட வேண்டுமானால் ஆங்கிலத் தேர்வில் தேறியாக வேண்டும் என்று டிப்போவில் சொல்லிவிட்டார்கள். இருபது வருடமாக ஸ்டீயரிங் பிடித்த டிரைவர், நாற்பத்தாறு வயதில் நோட்டுப் புத்தகம் வாங்கினார். சாயங்காலம் டிப்போ கேன்டீனில் வகுப்பு. முதல் வாரப் பாடம், ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வது. வீட்டுப்பாடம், குடும்பத்தைப் பற்றி ஒரு வாக்கியம்.

டிரைவரின் வீட்டில் மாமியாரும் இருந்தார். அம்மாவும் மகளும் ஃபேனை எந்த எண்ணில் வைப்பது என்பதற்கே அரை மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள். மாமியாருக்குப் பரிந்து பேசும் ஒரே ஆள் மாப்பிள்ளைதான். அதைத்தான் எழுதினார்.

மறுநாள் காலை, பேனா தேடிய மனைவி நோட்டைத் திறந்தாள். எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்.

"ஐ லைக் மை மதர்-இன்-லா மோர் தேன் மை வைஃப்."

ஷேவிங் செய்துகொண்டிருந்தவரின் கை அப்படியே நின்றது.

"என்னம்மா எழுதியிருக்கு?" என்றார் மாமியார்.

"உன் மாப்பிள்ளைக்கு என்னைவிட உன்னைத்தான் பிடிக்குமாம்!"

மாமியாரின் முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல பிள்ளை. உள்ளதை எழுதியிருக்கார்."

"ஐயோ, அது அப்படி இல்லை!" என்று டிரைவர் பாதி நுரையோடு மனைவியிடம் ஓடிவந்தார். "உனக்கு அவங்களைப் பிடிக்கிறதைவிட, எனக்கு..." சொல்லச் சொல்ல நாக்கு குழறியது. மனைவி சாப்பாட்டு டப்பாவை டங்கென்று மேசையில் வைத்தாள்.

சாயங்காலம் டீச்சர் நோட்டைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். சிவப்புப் பேனாவால் வாக்கியத்தின் கடைசியில் 'டஸ்' (does) என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். "இப்போ சரி. உங்க மனைவியைவிட நீங்கதான் அவங்கமேல பிரியமா இருக்கீங்கன்னு அர்த்தம். வேற அர்த்தமே வராது."

டிரைவர் தலை தப்பியது என்று வீட்டுக்குப் பறந்தார். விளக்கத்தை மனைவி பொறுமையாகக் கேட்டாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள்.

"அப்போ பெத்த அம்மாமேல எனக்குப் பாசம் கம்மின்னு ஊருக்கே எழுதிக் காட்டிட்டு வந்திருக்கீங்க?"

மாமியார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அந்த டீச்சர் கெட்டிக்காரி! நேர்ல பார்த்த மாதிரி திருத்தியிருக்காளே!"

மனைவியும் அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டாள். "இனிமே என்னை வெச்சு எழுதுறதா இருந்தா நான் பார்த்த பிறகுதான் நீங்க எழுதணும். நாளைக்கு நானும் கிளாஸுக்கு வர்றேன்."

சொன்னபடியே வந்தாள். டீச்சரும் தாராளமாக உட்காரச் சொன்னார். முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவள் எழுதிய முதல் வாக்கியம்: 'ஐ டாக் லெஸ் தேன் மை ஹஸ்பண்ட் டஸ்.' கணவனைவிட நான் குறைவாகத்தான் பேசுகிறேன்.

"ஒரு தப்பும் இல்லை" என்றார் டீச்சர்.

"இலக்கணத்துல இல்லைங்க டீச்சர்" என்று பின் பெஞ்சிலிருந்து டிரைவர் எழுந்தார். "விஷயத்துல இருக்கு!"