மரநாய் வெளியே வரும் நேரம்

1.

பெருங்களத்தூர் ரயில் நிலையத்தில் யாரோ போனில் சொன்னதை ஒட்டுக்கேட்டதுதான் இந்தக் கதை. பாதிதான் காதில் விழுந்தது, மீதி என் சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “பீர்க்கன்கரணை ஏரிக்கு மேலே சூரியன்...” வேண்டாம். ஏரியைப் பார்த்தாலே எனக்கு வர்ணனை வந்துவிடுகிறது.

2.

அபிதகுஜாம்பாள் வீட்டு ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே தினமும் உருட்டல் சத்தம். ஏதோ பிராணி. ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு நிச்சயதார்த்தம். கணவர் சத்யநாராயணன் கொத்தனார் சேட்டுவைக் கூப்பிட்டார்.

“பத்து மணிக்கு வாப்பா. அதுக்குள்ள அது வெளில போயிருக்கும்.”

முப்பது வருடம் காலை ரயிலைப் பிடித்து வேலைக்குப் போனவர். எல்லா ஜீவனும் காலையில்தான் கிளம்பும் என்று நினைத்துவிட்டார்.

“சத்தமே இல்ல சார். காலியாத்தான் கீது,” என்றான் சேட்டு. அது வந்துபோகும் வெளிச்சுவர் ஓட்டையைச் செங்கல்லும் சிமெண்ட்டும் வைத்து அடைத்தான்.

(உள்ளே இருந்தது மரநாய். பெயரில்தான் நாய், புனுகுப்பூனைக்கு உறவு. பழம் தின்றுவிட்டு விதையை நம் மொட்டைமாடியில் போட்டுவிட்டுப் போகும். பகலெல்லாம் தூங்கி, இருட்டியதும் கிளம்பும்.)

[சத்யநாராயணனைக் கல்நெஞ்சக்காரராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவர் பாவம், பல்லியைக்கூட விரட்ட மாட்டார்.]

3.

விளக்கேற்றும் நேரம். மேலே பிறாண்டல். கூடவே மெல்லிய கீச்சுக் குரல்கள். அபிதகுஜாம்பாள் அண்ணாந்து பார்த்தாள்.

“ஏன்னா, அது உள்ளேயே இருக்கு. குட்டியெல்லாம் கத்தறது.”

சேட்டுவுக்குப் போன் போட்டார்கள். “கோவளத்துல கீறேம்மா. காலைல வந்து ஒடைச்சிட்றேன்.”

“ஒரு ராத்திரிதானே,” என்றார் சத்யநாராயணன்.

“தெனம் ராத்திரிதானே சத்தம் கேக்கும்? அப்பதான் அது இரை தேடப் போறது. நமக்குத் தோணவே இல்லையே. சிமெண்ட் இன்னும் ஈரமா இருக்கும், இப்ப நெம்பினா வந்துடும்.”

4.

முடிவுகள்.

ஒன்று: காலை வரை காத்திருக்கிறார்கள். சேட்டு உடைத்துப் பார்க்கும்போது உள்ளே... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

இரண்டு: சீலிங்கை உடைக்க, மரநாய் நேராக நிச்சயதார்த்தத் தட்டில் விழுகிறது. சிரிப்பு வரும். கோடு போட்டு அடித்துவிட்டேன்.

மூன்று: அவருக்கு முட்டிவலி, அதனால் ஏணியை அவர் பிடித்துக்கொள்ள அவள் ஏறினாள். கடப்பாரையால் நெம்பியதும் செங்கல் பெயர்ந்து உள்பக்கம் விழாமல் கீழே விழுந்தது. உள்ளே எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

“வரலையே?”

“மூச்சு விடறது கேக்கறது. நாம இங்க நின்னா வராதுன்னு தோணறது.”

விளக்கை அணைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். ஒருதரம் திரும்பிப் பார்க்க அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பார்க்கவில்லை.

ஏணியடியில் இப்போது நான் மட்டும் நிற்கிறேன், முடிவை எழுதுவதற்காக. கூடவே நீங்களும். அதனால்தான் அது இன்னும் வரவில்லை.

நான் கிளம்புகிறேன். நீங்களும் பக்கத்தை மூடிவிட்டுப் போய்விடுங்கள். குட்டிகள் பசியோடு இருக்கும்.