தீயணைப்புக்காரர்கள் பார்த்தாச்சா

அடுத்தவர் வேலை நன்றாக வந்துவிட்டால் அர்மெல் கேட்பது ஒரே ஒரு கேள்விதான்: "தீயணைப்புக்காரங்க பார்த்தாச்சா?"

துவார்னெனே துறைமுகத்துப் பழைய மத்தி மீன் ஆலையைக் கலைக்கூடமாக மாற்றிய நாளிலிருந்து, பதினெட்டு வருஷமாக அவளுக்கு அங்கே வேலை. கலைஞர்களின் சாமான்களைப் பெட்டியிலிருந்து எடுப்பது, மாட்டுவது, முடிந்ததும் மடித்துத் திருப்பி அனுப்புவது. அதனால் அவள் அந்தக் கேள்வியைக் கேட்பதில் தப்பேதும் இல்லை. துணிக்குத் தீப்பிடிக்காத மருந்து போட்டிருக்கிறதா, ஜனங்கள் ஓட வழி இருக்கிறதா என்று அதிகாரிகள் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும். ஆனால் விளக்கு போடும் ஜோஸ்லினுக்கு உள்விவகாரம் தெரியும். சுமாரான வேலைக்கு அர்மெல் அந்தக் கேள்வியைக் கேட்டதே கிடையாது. "பிரமாதம்" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவாள். வயிறு எரிந்தால்தான் தீயைப் பற்றிய பேச்சு வரும். அவள் அதைக் கேட்டுவிட்டால் அந்தக் கண்காட்சி தேறிவிடும் என்று ஜோஸ்லின் காப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று எல்லாரிடமும் சொல்லுவான்.

மார்ச் மாதம் இயக்குநர் ஒதீல் எல்லாரையும் கூப்பிட்டு, கோடைக்கு பெரெனிஸின் 'உறங்கியவர்கள்' வருகிறது என்றாள். பெரெனிஸ் என்றால் சும்மா இல்லை. ஒரு முழுக் கூடத்தையே தன் படைப்பாக மாற்றிவிட்டு, அதற்குள் நம்மை நடக்கவிடுகிறவள். பாரிஸில் காட்டி, வெனிஸில் காட்டி, பத்திரிகைகளில் முழுப்பக்கப் படம் வந்தவள். சந்தோஷத்தில் எல்லாரும் கை தட்டினார்கள். அர்மெல் மட்டும் தீயணைப்புக்காரர்களைப் பற்றிக் கேட்டாள். படைப்பு இன்னும் ஊருக்கே வந்து சேரவில்லை. சிரிப்பை அடக்க ஜோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டான்.

ரென் நகரத்து நுண்கலைப் பள்ளியில் அர்மெல்லுக்கும் பெரெனிஸுக்கும் ஒரே மேசை. கடைசித் தேர்வில் பெரெனிஸுக்கு நடுவர்களின் பாராட்டுடன் பட்டம். அர்மெல்லுக்கு வெறும் பட்டம். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. படிக்கிற காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரெனிஸ் இவள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். இவள் அம்மா கல்யாணத்துக்குக் கொண்டுவந்த லினன் படுக்கை விரிப்புகள் தோட்டத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் பெயரின் முதலெழுத்துகள், சிவப்பு நூலில், அம்மா கையாலேயே போட்டவை. பெரெனிஸ் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே நின்றாள். அம்மாவும் மனம் குளிர்ந்துபோய் ஒன்றைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். ரெண்டு வருஷம் கழித்து, வீடு வீடாகக் கேட்டு வாங்கிய அறுபத்து நான்கு விரிப்புகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, 'உறங்கியவர்கள்' என்று தலைப்பு வைத்து பெரெனிஸ் பேர் வாங்கினாள். திருட்டு என்று சொல்லவும் வழியில்லை. பிறந்ததிலிருந்து அந்த விரிப்பில் படுத்துப் புரண்டவள் அர்மெல். அவளுக்கு ஒரு நாளும் ஒன்றும் தோன்றவில்லையே! அதுதான் அவளைத் தின்றது.

மே மாதம் நான்கு பெட்டிகள் வந்து இறங்கின. கூடவே இருபத்திரண்டு பக்கச் செய்முறைத் தாள். இந்த மாதிரிப் படைப்புகளுக்கு அதுதான் வழக்கம். கலைஞர் வந்து மாட்டமாட்டார். தாளில் எழுதியிருக்கிறபடி கூடத்து ஆட்கள் மாட்டவேண்டும். திறப்புக்கு முந்தின நாள் அவர் வந்து பார்ப்பார். சுவரில் அவர் பெயர் இருக்கும், மாட்டியவர் பெயர் எங்கேயும் இருக்காது. வரிசைகள் நேராக, நடுவில் ஒன்றரை மீட்டர் வழி, தைத்த எழுத்துகள் வருகிறவரைப் பார்த்து இருக்கவேண்டும் என்றது தாள். பின்பக்கத்தில் பட்டியல். அர்மெல் முதல் வரியைப் படித்தாள்: 'விரிப்பு எண் 1. பிரெத்தாஞ் பகுதி வீடு ஒன்றிலிருந்து.'

இந்தப் பிரெத்தாஞ் சீமையில் ஏதோ வீடு ஒன்றாம்! அது அம்மா கொடுத்த விரிப்பு. அம்மா செத்து ஆறு வருஷம். அன்றைக்கு பெரெனிஸ் ரெண்டு தரம் போட்டுச் சாப்பிட்ட ஆட்டுக்கறி எந்த வீட்டில் வெந்ததாம்? அர்மெல்லுக்குக் காது வரைக்கும் சூடு ஏறியது. ஏணியில் நின்றபடியே எண் ஒன்றைத் திருப்பி, எழுத்து சுவரைப் பார்க்கிற மாதிரி மாட்டினாள். பிறகு ரெண்டை, மூன்றை. கை சும்மா இருக்கவில்லை. ஒன்றரை மீட்டர் வழியை ஒரு முழ அகலமாகக் குறுக்கினாள். வரிசைகளையும் வளைத்துவிட்டாள். வருகிறவன் மூஞ்சியில் துணி அடிக்கட்டும், திரும்பிப் போகட்டும், பெரெனிஸின் பெயர் ஒரு ஊரிலாவது நாறட்டும். யாராவது கேட்டால் தாளில் படம் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். இப்படி மூன்று நாள் பல்லைக் கடித்துக்கொண்டு அறுபத்து நான்கையும் கெடுத்து முடித்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஜோஸ்லின் கடல் பக்கத்து ஜன்னல்களைத் திறந்தான். தன் கைவரிசையைப் பார்ப்போம் என்று அர்மெல் உள்ளே நுழைந்தாள். பழைய துணி கன்னத்தில் உரசியது. ஒன்றை விலக்கினால் அடுத்தது. எந்தப் பக்கம் வழி என்று தெரியவில்லை. தையலின் பின்பக்கம் முகத்துக்கு நேராக இருந்தது: முடிச்சுகள், அவசரமாக இழுத்த இழைகள், கத்தரிக்கோல் எடுக்கச் சோம்பல்பட்டுப் பல்லால் கடித்த நுனிகள். முன்பக்கத்தில் எல்லாம் ஒரே மாதிரி அழகான எழுத்துகள்தான். பின்னால் ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு மாதிரி. அம்மாவுடையதில் ஓர் எழுத்திலிருந்து அடுத்ததற்கு நூலை அறுக்காமலே இழுத்துப் போயிருந்தாள். அம்மா பேச்சும் அப்படித்தான், மூச்சு விடாது. அர்மெல் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பின்னால் நுழைந்த ஜோஸ்லின் வெளியே வரப் பத்து நிமிஷம் ஆனது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாளில் இப்படியா போட்டிருக்கிறது என்றான். இல்லை என்றாள். கேலிக்காரன், மறுபடியும் உள்ளே நுழைந்துவிட்டான்.

சரிசெய்ய ஒரு நாள் முழுசாக இருந்தது. ஜோஸ்லினும் கை கொடுத்திருப்பான். ஏணியைக் கொண்டுபோய் எண் ஒன்றின் அடியில் வைத்தாள், ஏறினாள், கிளிப்பில் கை வைத்தாள், இறங்கிவிட்டாள். கெடுக்கப் போய்த்தான் வந்தது. ஆனாலும் இது அவளுடையது. வாழ்க்கையில் அவள் செய்ததிலேயே நல்லது இதுதான். இதை பெரெனிஸ் பார்க்கவேண்டும். பார்த்து, அவள் வாயால் ஒரே ஒரு தரம் நன்றாக இருக்கிறது என்று சொல்லவேண்டும். அதற்கப்புறம் வேலை போனாலும் போகட்டும்.

புதன்கிழமை மதியம் பெரெனிஸ் வந்தாள். அர்மெல்லைக் கட்டிப்பிடித்து ரெண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள், அம்மா போனதை இப்போதுதான் கேள்விப்பட்டேன் என்று கண் கலங்கினாள், நீ இங்கே இருப்பதால்தான் எனக்குக் கவலையே இல்லை என்றாள். அவள் கெட்டவளாக இருந்திருந்தால் அர்மெல்லுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

கூடத்துக்குள் கால் வைத்ததும் பெரெனிஸ் தனியாக விரிப்புகளுக்குள் போனாள். செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது, பிறகு அதுவும் இல்லை. இன்னொரு பக்கமாக நுழைந்துவிட்டு வந்த ஒதீல், பாரிஸில் பார்த்தது இதில் கால்வாசிகூட இல்லை என்று அர்மெல்லின் காதில் கிசுகிசுத்தாள்.

பெரெனிஸ் வெளியே வந்தபோது தலை கலைந்திருந்தது. துணியையே பார்த்துக்கொண்டு பேசினாள்.

"நீதான் மாட்டினியா?"

"நாந்தான்."

"தாளைப் படிச்சியா?"

"படிச்சேன். கெடுக்கணும்னுதான் திருப்பி மாட்டினேன், பெரெனிஸ். பொய் சொல்ல மாட்டேன்."

ஒதீல் திடுக்கிட்டு அர்மெல்லைப் பார்த்தாள். பெரெனிஸுக்கு அது காதிலேயே விழவில்லை போல இருந்தது. ஒரு விரிப்பின் ஓரத்தை எடுத்து, பின்பக்கத்து முடிச்சைப் பார்த்து, விட்டாள். கழுத்து சிவந்திருந்தது.

"தீயணைப்புக்காரங்க இதைப் பார்த்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

ஏணிமேல் இருந்த ஜோஸ்லின் கையிலிருந்து திருப்புளி நழுவித் தரையில் விழுந்தது. அந்தக் குரல் அர்மெல்லுக்குத் தெரியும். இருபத்தைந்து வருஷமாக அவள் தொண்டையிலேயே குடியிருந்த குரல்.

"இன்னும் இல்ல. நாளைக்குக் காலையிலதான் வர்றாங்க" என்றாள்.

"ஒத்துக்கமாட்டாங்க. வழி ரொம்பக் குறுகல். எல்லாத்தையும் கழட்டிட்டு, தாள்ல இருக்கிற மாதிரி மாட்டிடு."

வழியை மட்டும் அகலமாக்கிக்கொள்ளலாம், திருப்பி மாட்டியது அப்படியே இருக்கட்டுமே என்று ஒதீல் கெஞ்சிப் பார்த்தாள். அதற்கும் தீக்கும் என்ன சம்பந்தம்? பெரெனிஸ் முடியாது என்று தலையசைத்தாள். எழுத்து வாசலைப் பார்த்துத்தான் இருக்கவேண்டும், அதில் பேச்சே இல்லை என்றாள்.

அர்மெல் ஏணியில் ஏறினாள். முகத்தில் கோபம் இல்லை. ஜோஸ்லின் கிட்டே வந்து, இவ்வளவு நல்லதை எப்படித்தான் கழட்ட மனசு வருகிறதோ என்றான். "நீ அந்தப் பக்கத்து வரிசையைப் பிடி, சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும்" என்றாள். எண் ஒன்றின் கிளிப்பை எடுத்தாள். அம்மாவின் நூலை ஒரு தரம் தடவிவிட்டு விரிப்பைத் திருப்பி மாட்டினாள்.

மேலேயிருந்து பார்த்தால் வாசல் தெரிந்தது. பெரெனிஸ் போகிறவள் போலக் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, போகாமல், இன்னும் கழட்டாத வரிசைகளையே பார்த்து நின்றாள்.

"பெரெனிஸ், நல்லா இருந்துச்சா?"

பெரெனிஸ் ஒரு பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

பாவம் என்றிருந்தது அர்மெல்லுக்கு. அந்த எரிச்சலோடு ஒருத்தி வீடு போய்ச் சேர்வது எவ்வளவு தூரம் என்று அந்த ஊரில் அவளைவிட யாருக்குத் தெரியும்? ஏணியை நகர்த்திவிட்டு அடுத்த கிளிப்புக்குக் கையை நீட்டினாள்.