தவளைக்கு மின்சாரம் வருவதற்கு முன்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு காரின் பேட்டரி தீர்ந்துபோனதிலிருந்து. பெரிய இலக்கியக் காரணம் ஏதும் இல்லை. தொடக்கத்தைத்தான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

‘மரணம் என்பது’... அடித்துவிட்டேன். நாற்பது வருடமாக அடுத்தவர் எழுத்தில் பிழை திருத்தியவன் நான். ‘என்பது’ போட்டு ஆரம்பிக்கிற வாக்கியத்தை நம்பமாட்டேன்.

‘அந்த மஞ்சள் கார் ஒரு தவளையைப் போல’... இதுவும் போகட்டும். போல என்ன போல? வீட்டில் அதற்குப் பெயரே தவளைதான்.

மிஞ்சியது இது: ஒரு வியாழக்கிழமை மாலை மனைவி வேலையிலிருந்து வந்தாள். கார் சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். “நாளைக்கு டயர்ல காத்துப் பாக்கணும், ஞாபகப்படுத்துங்க” என்றாள். கணவர் அச்சுப்படியிலிருந்து தலையைத் தூக்காமல் “ம்” என்றார். மறுநாள் காலை ஞாபகப்படுத்த ஆள் இருந்தது. காற்றுப் பார்க்க ஆள் இல்லை.

(கவனித்திருப்பீர்கள், ‘நான்’ சத்தமில்லாமல் ‘கணவர்’ ஆகிவிட்டேன். ‘நான்’ என்று எழுதினால் பேனா நகரமாட்டேன் என்கிறது. இனி அவர், அவர்தான்.)

2

மனைவி மயக்க மருந்து மருத்துவர். ஐம்பத்து மூன்றாவது வயதில், இரண்டே இருக்கை உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாகப் பார்த்து வாங்கினாள். சொந்தபந்தம் மொத்தமும் வாயைப் பிளந்தது. யார் கேட்டாலும் ஒரே பதில்: “நாள் முழுக்க ஆளுங்கள தூங்க வெக்கிறேன். நான் முழிச்சிருக்க ஒண்ணு வேணாமா?”

ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இருக்கையை முழுக்க முன்னால் தள்ளி, உயரே ஏற்றி, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்த மாதிரி ஓட்டுவாள். அவரோ ஆறடி. அவள் இடத்தில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் முட்டும். ஆகவே அவருக்கு எப்போதும் பக்கத்து இருக்கைதான்.

அவள் போன பிறகு நான்கு மாதம் தவளை அசையவில்லை. அந்த இருக்கையும் அவள் விட்ட இடத்திலேயே நின்றது.

2 (திருத்தியது)

மேலே உள்ளது கொஞ்சம் சோகமாகிவிட்டது. கசிவுக்கு வருவோம்.

அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நீர்க்கசிவு. சனிக்கிழமை மதியத்துக்குள் எல்லா வண்டிகளையும் எடுத்துவிட வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டினார்கள். ரிமோட்டை அமுக்கினால் தவளையிடம் பேச்சுமூச்சில்லை. மனைவியின் தம்பி வந்தான். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத ஆள். தள்ளிவிடலாம் என்றான். கைபிரேக்கே மின்சாரத்தில் இயங்குகிற ரகம், பூட்டினது பூட்டினதுதான். சரி, பேட்டரியை மாற்றலாம் என்றால், பேட்டரி முன்பக்க மூடிக்குள் இருக்கிறது. மூடி திறக்க மின்சாரம் வேண்டும்.

“பெட்டிச் சாவிய பெட்டிக்குள்ள வெச்சுப் பூட்டுறதுக்கு இவனுங்க இன்ஜினியரிங் வேற படிச்சிருக்கானுங்க அத்தான்” என்றான் மச்சினன்.

ஆட்டோ எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்கள். வந்தவர் பேட்டரி எப்படித் தீர்ந்தது என்று விசாரித்தார். வயசாகியிருக்கும் என்று கணவர் சொல்லிவிட்டார்.

(பொய். அந்த பேட்டரிக்கு ஒன்றரை வயதுதான். அவர் தினமும் சாயங்காலம் கீழே இறங்கிப்போய், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, கூரை விளக்கைப் போட்டு, அன்றைக்குச் சிக்கிய நல்ல பிழைகளை வாய்விட்டு வாசித்துக்கொண்டிருந்தார். ‘மணமகன் மேடையில் வெந்தார்’ மாதிரியானவை. அவள் ஓட்டும்போது வாசித்துக் காட்டினால் ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரிப்பாள். பத்து வாரம் வாசித்தார். ஒருநாள் வாக்கியத்தின் பாதியில் விளக்கு மங்கியது. தீர்த்தது வயசு இல்லை, வாசகர்.)

4

(மூன்றாம் பகுதியில் மருத்துவமனை இருந்தது. எடுத்துவிட்டேன். உங்களுக்கும் தேவைப்படாது.)

ரிமோட்டுக்குள் ஒளிந்திருந்த சின்னச் சாவியால் கதவு திறந்தது. எலக்ட்ரீஷியன் முட்டிபோட்டு, காலடியில் இருந்த ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். அங்கே ஒரு சிவப்பு முனை. கையோடு கொண்டுவந்த குட்டி பேட்டரியிலிருந்து அதற்கு ஒரு வயர் கொடுத்தால் மூடி திறந்துகொள்ளும். வயரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சார், ஒண்ணு சொல்லிடுறேன். கரண்ட் குடுத்தா வண்டி முழிச்சுக்கும். கரண்ட் போய் வந்தா சில வண்டி சீட்ட தானா பின்னாடி தள்ளிப் பாக்கும், இதுவும் அப்படின்னா போயிடும்.”

“திரும்பி வருமா?”

“அவங்க அளவ பட்டன்ல பதிஞ்சு வெச்சிருந்தா வரணும். சில வண்டி மறக்காது. சில வண்டி, பேட்டரி செத்தா எல்லாத்தையும் மறந்துடும். இது எந்த ரகம்னு எனக்குத் தெரியல.”

மச்சினன் அதற்குள் எங்கிருந்தோ அளவு நாடாவைக் கொண்டுவந்துவிட்டான். இருக்கைக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையில் அளந்து வைத்துக்கொண்டால் பிறகு அப்படியே வைத்துவிடலாம் என்பது அவன் யோசனை. குனிந்து நாடாவை நீட்டினான். பாதியில் நின்றுவிட்டான்.

“அக்கா இவ்ளோ கிட்டயா உக்காருவா?”

அவன் நாடாவைச் சுருட்டினான். சுருட்டிய பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியத்துக்கு இருபது நிமிடம் இருந்தது. மேலே பூச்சு வேலைக்காரர்கள் வாளிகளை இறக்கும் சத்தம் கேட்டது. கணவர் தலையைக் குனிந்து இருக்கையை ஒருமுறை பார்த்தார். தலை சாய்க்கும் இடத்தில் ஒரு நரைமுடி கூட இல்லை. துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தாள், படுபாவி.

“குடுங்க” என்றார்.

5

முடிவு ஒன்று: இருக்கை பின்னால் போனது, திரும்பவில்லை. அவர் கண்கலங்கி... இதைப் பத்திரிகைக்காரர்கள் விரும்புவார்கள். எனக்கு வேண்டாம்.

முடிவு இரண்டு: பட்டனை அமுக்கியதும், இருக்கை மெல்ல முனகிக்கொண்டு முன்னால் வந்து, ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவான யாருக்காகவோ நின்றது. இது உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும். பிடிக்கும் என்பதாலேயே எழுதக் கை வரவில்லை.

முடிவு மூன்று: வயரைத் தொட்டதும் திருட்டு அலாரம் அலறியதில் மூன்று பேரும் வெளியே தாவினார்கள், இருக்கையை யாருமே பார்க்கவில்லை. அலாரம் அலறியது உண்மை. மீதியைச் சொல்லமாட்டேன்.

நடந்தது எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன். பட்டன் கதவின் உட்புறம் இருக்கிறது, நீங்களே அமுக்கிப் பாருங்கள். தவளையை யாராவது ஓட்டினார்களா, மூன்று பேரும் தள்ளினோமா என்பதையும் உங்களிடமே விட்டுவிடுகிறேன். பன்னிரண்டு அடிக்கும்போது அது தெருவில் வெயிலில் நின்றது. அது மட்டும் உறுதி.

புது பேட்டரிக்கு மூன்று வருட உத்தரவாதம். எலக்ட்ரீஷியன் அட்டையைக் காரின் மேலேயே வைத்து நிரப்பினார். வண்டி யார் பேரில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். சொன்னேன். மச்சினன் தெருவின் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். எழுத்துக்கூட்டி எழுதிவிட்டு, சரியா என்று அட்டையை என்னிடம் நீட்டினார். பிழை இல்லை. சொந்தக்காரர் என்ற இடத்தில் அவள் பெயர்தான் இருக்கிறது.